தேதி தள்ளிப் போகிறது. புகை தள்ளிப் போகவில்லை

செம்பூர் வாஷி நாக்காவிலும் மாகுல் சாலை ஓரத்திலும் குடியிருக்கிற பெண்களுக்குக் காலையில் ஒரு வேலை கூடுதல். வாசல் தெளித்து முடித்ததும் ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குடத்தின் மூடி, துணி காயப்போடுகிற கொடி எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். துடைத்த துணி கறுத்துப் போகும். மறுநாள் காலையிலும் அதே வேலைதான்.

இந்தக் கரி எங்கிருந்து வருகிறது? ஒரே இடத்தைக் கை காட்ட முடியாது. இந்த வட்டாரத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. உரத் தொழிற்சாலை இருக்கிறது. ரசாயனத் தொட்டிகள் இருக்கின்றன. இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. பக்கத்திலேயே தேவனார் குப்பைமேடு. இத்தனைக்கும் நடுவில் டிராம்பே அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி நிற்கிறது.

அந்தப் புகைபோக்கியைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது. நிலக்கரி எரிப்பது 2024-ல் நின்றிருக்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. 2023-ம் ஆண்டின் இறுதியில் மராட்டிய அரசு மனம் மாறியது. இன்னும் குறைந்தது 5 ஆண்டு ஓடட்டும் என்று முடிவாயிற்று. மின்சாரம் வாங்குகிற ஒப்பந்தம் 2029 மார்ச் வரை நீண்டது.

இதைச் செம்பூர் வாசிகளில் எத்தனை பேர் அறிவார்கள்? நூற்றுக்குப் பத்துப் பேர் அறிந்திருந்தால் ஆச்சரியம். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

தண்ணீரில் ஆரம்பித்த நகரம்

மும்பைக்குப் பெரிய அளவில் மின்சாரம் வந்தது நிலக்கரியில் அல்ல, மழைத் தண்ணீரில். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்கிற மழையை லோனாவாலா பக்கம் ஏரிகளில் தேக்கி, மலையிலிருந்து கீழே விட்டு, டாட்டா நிறுவனம் 1915-ல் கோப்போலியில் மின்சாரம் எடுத்தது. 1922-ல் பீவ்புரியும் 1927-ல் பீராவும் சேர்ந்தன. பஞ்சாலைகள் அந்த மின்சாரத்தில் ஓடின. 

நகரம் பெருத்தது. தண்ணீர் மின்சாரம் போதவில்லை. 1956-ல் டிராம்பேயில் அனல் மின்நிலையம் வந்தது. 1984-ல் அங்கே 500 மெகாவாட் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. இந்த நாட்டிலேயே அந்த அளவில் முதல் இயந்திரம் அதுதான். 2009-ல் 250 மெகாவாட் இயந்திரம் ஒன்று சேர்ந்தது. இந்த இரண்டும்தான் நிலக்கரியில் ஓடுகின்றன.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இங்கே எரிப்பது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிற, சாம்பல் குறைவான நிலக்கரி. கந்தகப் புகையைக் கடல் நீரால் கழுவுகிற ஏற்பாடும் 1980-களிலேயே செய்யப்பட்டது. ஆனால் கழுவினால் கந்தகம் போகும், கரியமில வாயு போகாது. நிலக்கரியில் 1 யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. இரண்டு இயந்திரமும் முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 1 கோடியே 80 லட்சம் யூனிட். அதனுடன் போகிற வாயு ஏறத்தாழ 18 ஆயிரம் டன். இது கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் தெரியாது. வெயிலும் மழையும் முறை தவறும்போதுதான் தெரியும்.

பேர் தெரியாது, வலி தெரியும்

பருவநிலை மாற்றம் என்றால் என்ன என்று தாராவியிலோ சீத்தா கேம்ப்பிலோ கேட்டால், படித்தவர்கள் பேசுகிற பேச்சு என்று பதில் வரலாம். வெயில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல், மே மாதங்களில் இரவு 2 மணி வரை தூங்க முடியாத கதையை ஒரு மணி நேரம் சொல்வார்கள்.

அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தார் இந்தியாவில் எடுத்து 2022-ல் வெளியிட்ட கருத்துக் கணிப்பும் இதையே காட்டியது. பூமி சூடாவதைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் 54 சதவீதம். அது இன்னதென்று இரண்டு வரியில் விளக்கிச் சொன்ன பிறகு, ஆமாம், நடக்கிறது என்றவர்கள் 84 சதவீதம். பேர் தெரியாதே தவிர, மக்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை.

தெரியாமல் எப்படி இருக்கும்? 2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியதை இந்த நகரத்துத் தமிழர் யாரும் மறக்கவில்லை. 2021 ஜூலையில் ஓர் இரவு மழையில் செம்பூர் வாஷி நாக்கா பாரத் நகரில் சுவர் இடிந்து குடிசைகள் மேல் விழுந்து 19 பேர் மாண்டார்கள். 2023 ஏப்ரலில் கார்கரில் திறந்த வெளியில் நடந்த அரசு விருது விழாவில் வெயில் தாக்கி 14 பேர் உயிர் இழந்தார்கள். 2025-ல் பருவமழை மே 26-ந் தேதியே மும்பைக்கு வந்துவிட்டது. இதற்கு முன் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. ஜூன் வரட்டும், கூரைக்குத் தார்ப்பாய் வாங்கலாம் என்று இருந்தவர்கள் மே மாதமே நனைந்தார்கள்.

ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு வெயிலுக்கும் இந்தப் புகைபோக்கியே காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இப்படிப்பட்ட புகைபோக்கிகள் உலகம் முழுவதும் சேர்ந்துதான் காற்றைச் சூடாக்குகின்றன. அதன் பலன் முதலில் தகரக் கூரை வீட்டில் இறங்குகிறது. குளிர்சாதனம் வைத்த வீட்டுக்குப் பிறகுதான் போகிறது.

ஒரே வண்டி, நான்கு வருகை நேரம்

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. தேதிகளுக்குக் குறைவில்லை. ரயில்வே நிர்வாகம் 2030-க்குள் தன் கரியமில வாயுக் கணக்கைச் சரிக்கட்டிவிடும் என்று சொல்லியிருக்கிறது. மின்சார நிறுவனம் 2045 என்கிறது. மும்பை மாநகராட்சி 2050 என்கிறது. கிளாஸ்கோ மாநாட்டில் 2021-ல் பிரதமர் நாட்டுக்காகச் சொன்ன ஆண்டு 2070.

குர்லா ஸ்டேஷன் பலகையில் ஒரே வண்டிக்கு நான்கு வருகை நேரம் எழுதிப் போட்டால் பயணிகள் சும்மா இருப்பார்களா?

இதில் ரயிலைப் பற்றியும் ஒரு சொல். 1925 பிப்ரவரி 3-ந் தேதி பம்பாய் வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. இப்போது நாட்டின் அகலப்பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயம் ஆகிவிட்டது. பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் வண்டியில் புகை இல்லை என்பதால் புகையே இல்லை என்று ஆகாது. நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியில்தான் வருகிறது. கம்பியில் வருவது நிலக்கரி மின்சாரம் என்றால், எஞ்சினில் போன புகை எங்கோ ஓர் ஊரின் தலைக்கு மேல் போகிறது, அவ்வளவே. அந்த ஊர் சந்திரபூராக இருக்கலாம், எண்ணூராக இருக்கலாம், டிராம்பேயாகவும் இருக்கலாம்.

பூட்டு ஒன்று, சாவி யாரிடம்?

2022 மார்ச் 13-ந் தேதி மும்பை மாநகராட்சியின் பருவநிலைச் செயல்திட்டம் வெளியிடப்பட்டது. நல்ல திட்டம். 2019-ல் இந்த நகரம் வெளியேற்றிய வாயுக்கள் 2 கோடியே 34 லட்சம் டன் என்று அது கணக்குக் காட்டுகிறது. அதில் 71 சதவீதம் மின்சாரமும் எரிபொருளும் உபயோகிப்பதால் வருவது. 2030-க்குள் 30 சதவீதம் குறைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. 2024 முதல் இதற்கெனத் தனி வரவு-செலவு அறிக்கையும் வருகிறது.

ஆனால் அந்தத் திட்டம் வெளியான வாரத்தைக் கவனிக்க வேண்டும். மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச் 7-ந் தேதியோடு முடிந்துவிட்டது. 6 நாள் கழித்துத் திட்டம் வந்தது. அதன் பிறகு தேர்தல் நடந்தது 2026 ஜனவரியில். ஏறக்குறைய 4 ஆண்டுகள் இந்த நகரத்தில் ஒரு வார்டுக்கும் கவுன்சிலர் கிடையாது. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சொல்ல ஆள் இல்லை. புகையைப் பற்றி யாரிடம் சொல்வது? நிலக்கரிக்கு ஆயுள் நீட்டிக்கப்பட்டதும் அந்த 4 ஆண்டுக்குள்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. திட்டம் போட்டது மாநகராட்சி. ஆனால் மின்நிலையத்தை மூடச் சொல்ல மாநகராட்சிக்கு அதிகாரம் இல்லை. மின்சார ஒப்பந்தத்தையும் கட்டணத்தையும் முடிவு செய்வது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். காற்றைச் சோதிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். வெளிநாட்டுக்கு வாக்குக் கொடுத்தது மத்திய அரசு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதம் இருக்கிறது. பூட்டு ஒன்றுதான். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார்.

அரசின் வாதமும் ஆராயத்தக்கதே

நிலக்கரியை நிறுத்தாததற்கு அரசுத் தரப்பில் காரணம் சொல்கிறார்கள். மும்பை கடலுக்குள் நீண்டு கிடக்கும் நகரம். வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவரப் பாதைகள் குறைவு. 2020 அக்டோபர் 12-ந் தேதி வெளியே கோளாறு ஏற்பட்டபோது நகரமே இருண்டது. லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றன. ஆஸ்பத்திரிகள் ஜெனரேட்டரை நம்பி நின்றன. ஊருக்குள்ளேயே ஒரு மின்நிலையம் வேண்டும் என்பது அதனால் வந்த பயம். தகவல் கிடங்குகள் என்கிற கம்ப்யூட்டர் மாளிகைகள் நவி மும்பைப் பக்கம் பெருகி வருவதால் மின்சாரத் தேவையும் ஏறுகிறது.

இந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் 2020-க்குப் பிறகு நிலைமை அப்படியே இல்லை. கார்கர்-விக்ரோலி மின்பாதை 2023-ல் செயல்பட ஆரம்பித்து, வெளியிலிருந்து கூடுதலாக மின்சாரம் கொண்டுவர வழி பிறந்தது. சூரிய மின்சாரம் ஏலத்தில் யூனிட் 3 ரூபாய்க்கும் கீழே கிடைப்பது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. சூரியன் மாலையில் அடைந்துவிடுமே என்பார்கள். பகல் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, இரவில் கீழே விட்டு மின்சாரம் எடுக்கலாம். இதற்காகவே பீவ்புரியில் 1,000 மெகாவாட்டுக்கும் ஷிரவ்டாவில் 1,800 மெகாவாட்டுக்கும் 2023 ஆகஸ்டில் அரசும் டாட்டா நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 100 ஆண்டுக்கு முன் வழி காட்டிய அதே மலையும் அதே தண்ணீரும்தான்.

ஆகவே கேள்வி இதுதான். 2029 மார்ச்சுக்குள் எந்த வேலை எந்த மாதம் முடியும்? எந்த இயந்திரம் முதலில் நிற்கும்? இதற்குப் பதில் இல்லாவிட்டால் 2029-லும் இதே பயத்தைக் காட்டி இன்னும் 5 ஆண்டு என்பார்கள்.

மேற்கூரை இல்லாதவனுக்கு என்ன வழி?

வீட்டு மாடியில் சூரியத் தகடு போட மத்திய அரசு 2024-ல் திட்டம் கொண்டுவந்தது. 3 கிலோவாட்டுக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியம். சொந்த வீடும் சொந்த மாடியும் உள்ளவனுக்கு நல்லது. 10 அடிக்குப் 15 அடி அறையில் வாடகைக்கு இருக்கிற தமிழனுக்கு எந்த மாடி? 2021-ல் ஆணையம் இன்னொரு வழி சொன்னது. யூனிட்டுக்கு 66 காசு கூடுதலாகக் கொடுத்தால் முழுக்கத் தூய மின்சாரம் என்று கணக்கு வைப்பார்கள். மாதக் கடைசியில் மின்சார பில்லைக் கட்டவே கடன் கேட்கிறவன் மேலே 66 காசு கொடுப்பானா? ஆனைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான்.

வழி இல்லாமல் இல்லை. அதே மத்திய திட்டத்தில் வீட்டுவசதிச் சங்கங்களுக்கும் மானியம் உண்டு. லிப்ட், தண்ணீர் பம்ப், படிக்கட்டு விளக்கு போன்ற பொதுச் செலவுக்காகச் சூரியத் தகடு போட்டால் கிலோவாட்டுக்கு 18 ஆயிரம் ரூபாய். குடிசைகளை இடித்து எழுப்பிய எஸ்.ஆர்.ஏ. பில்டிங்குகள் செம்பூரிலும் கோவண்டியிலும் தாராவி ஓரத்திலும் நிறைய நிற்கின்றன. லிப்ட் பில் கட்ட முடியாமல் லிப்ட்டை நிறுத்தி வைத்திருக்கிற சொசைட்டிகளும் உண்டு. முட்டி வலியோடு 7-வது மாடி ஏறுகிற பாட்டிக்குச் சூரிய மின்சாரம் பருவநிலைப் பேச்சல்ல. லிப்ட் ஓடுமா என்கிற கேள்வி. மொட்டை மாடி சும்மாதான் வெயில் காய்கிறது. இனிக் கட்டுகிற ஒவ்வோர் எஸ்.ஆர்.ஏ. கட்டடத்திலும் இதைக் கட்டாயமாக்கினால் அரசுக்குக் கௌரவம், ஏழைக்கு மிச்சம்.

சொந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. மும்பையிலிருந்து நாகர்கோவில் வண்டியில் போகிறவர்கள் திருநெல்வேலி தாண்டி வள்ளியூர், ஆரல்வாய்மொழி பக்கம் வரும்போது ஜன்னல் வழியே காற்றாலைகளைப் பார்க்கிறார்கள். குழந்தைகள் எண்ணிப் பார்த்து அலுத்துப் போகும். தமிழ்நாட்டில் 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் சிறிதாக ஆரம்பித்தது அது. எண்ணூரில் நிலக்கரிச் சாம்பல் ஆற்றில் கலக்கிற கொடுமையும் அதே தமிழ்நாட்டில்தான் நடக்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காற்றிலிருந்து மின்சாரம் வரும் என்று நெல்லைக்காரனுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.

ஆலையில் உழைக்கிறவன் கதி?

மின்நிலையத்தை மூடு என்று சொல்லும்போது, அங்கே ஒப்பந்தத்தில் நிலக்கரி தள்ளுகிறவனும் கேட் காக்கிறவனும் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவனும் மனிதர்களே என்பதை மறக்கக் கூடாது. 1982-ல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது தொழிலாளி என்ன ஆனான் என்பதை மும்பை பார்த்திருக்கிறது. ஆலை நிலத்தில் மாளிகை எழும்பியது. தொழிலாளி ஊருக்குப் போனான். அந்தக் கதை டிராம்பேயில் மறுபடி நடக்கக் கூடாது. எந்தத் தேதியில் இயந்திரம் நிற்குமோ, அந்தத் தேதிக்கு முன்பே நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் மாற்று வேலை எழுத்தில் வர வேண்டும்.

கேட்டால்தான் கிடைக்கும்

கேட்டால் நடக்குமா என்று சலித்துக்கொள்கிறவர்கள் மாகுலைப் பார்க்கலாம். மாகுல், அம்பாபாடா பகுதியில் காற்று மாசால் மக்கள் ஆரோக்கியத்துக்கு ஆபத்து இருக்கிறது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் கூறியது. அதற்குப் பிறகும், 2017-ல் தான்சா தண்ணீர்க் குழாய் ஓரத்திலிருந்து அகற்றிய குடும்பங்களை மாநகராட்சி அதே மாகுலில் கொண்டுபோய் அமர்த்தியது. 72 கட்டடம், 17 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. தெருவில் உட்கார்ந்தார்கள். கோர்ட்டுக்குப் போனார்கள். 2019-ல் மும்பை ஐகோர்ட்டு, வேறு வீடு கொடு, இல்லாவிட்டால் மாதம் 15 ஆயிரம் ரூபாய் வாடகை கொடு என்று உத்தரவிட்டது. படிப்பும் பணமும் இல்லாதவர்கள் பெற்ற உத்தரவு அது.

அதற்கும் முந்திய பாடம் ஒன்று தமிழர்களுக்கே சொந்தம். இப்போது சீத்தா கேம்ப்பில் இருக்கிற பழைய குடும்பங்கள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பக்கத்தில் ஜனதா காலனியில் இருந்தவர்கள். நாட்டின் அணுசக்திக்காக அந்த இடம் வேண்டும் என்று, 1976-ல் நெருக்கடி நிலைக் காலத்தில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேரைக் கிளப்பினார்கள். அந்தக் காலனியில் தலையெடுத்தவர்தான் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம். பின்னால் 2000-ம் ஆண்டில் மகசேசே விருது பெற்றவர். 2018-ல் காலமானார். காலனியில் குப்பை அள்ள மாநகராட்சி வராதபோது அவர் ஒரு வேலை செய்தார். ஆளுக்கு ஒரு கிலோ குப்பையைப் பழைய பேப்பரில் பொட்டலம் கட்டிப் பிள்ளைகள் கையில் கொடுத்து மாநகராட்சி அலுவலகத்து வாசலில் போடச் சொன்னார். அதன் பிறகு குப்பை அள்ள ஆள் வந்தது.

புகையைப் பொட்டலம் கட்ட முடியாது. ஆனால் மனு எழுத முடியும். மின்சாரக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் முன் பொதுமக்களின் ஆட்சேபனையைக் கேட்க வேண்டும் என்பது 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டத்திலேயே இருக்கிறது. மீட்டர் வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் எழுதலாம். கட்டணத்தை ஏற்றாதே என்று எழுதுகிறவர்கள், எந்த மின்சாரத்துக்கு இந்தக் கட்டணம் என்றும் ஒரு வரி சேர்த்து எழுதலாம். மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் தெரிந்த குமாஸ்தாக்கள் தமிழர்களிடையே நிறைய இருக்கிறார்கள். ரேஷன் கார்டுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அடுத்தவருக்காக மனு எழுதிக் கொடுத்த கைகள்தான் அவை. தமிழ்ச் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கினால் குறைந்து போகாது.

2026 ஜனவரியில் ஓட்டு வாங்கிக்கொண்டு போன கவுன்சிலர்கள் இப்போது இருக்கிறார்கள். முன்பு போல ஆள் இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. செம்பூர் வார்டுகளில் காற்றின் அளவை நாள்தோறும் ஸ்டேஷன் வாசலில் பலகையில் எழுதச் சொல்லலாம். நிலக்கரி இயந்திரங்கள் நிற்கும் தேதியையும் அதற்கு முன் முடிய வேண்டிய வேலைகளையும் அந்தப் பலகையிலேயே எழுதச் சொல்லலாம். வண்டி தாமதம் என்றால் எத்தனை நிமிடம் என்று அறிவிக்கிற ஊர் இது. இந்தத் தாமதத்தையும் அறிவிக்கட்டும். 2029 மார்ச் வருவதற்குள் கேட்டால்தான் அது கேள்வி. வந்த பிறகு கேட்டால் வெறும் புலம்பலாகத்தான் இருக்கும்.